மக்காச்சோளம் போகும் வழி, முட்டை வரும் வழி

2024 நவம்பர் 15ஆம் நாள், அரியலூரை அடுத்த வாரணவாசி அங்கன்வாடி மையத்தில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதற்கட்டம் 2022 மே மாதம் உதகையில் தொடங்கியது. ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கானது அது. இரண்டாம் கட்டம் இன்னும் சிறியவர்களைத் தேடி வந்தது. பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத, கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள 76,705 குழந்தைகள் மாநிலம் முழுவதும் கணக்கெடுக்கப்பட்டிருந்தனர். ஒதுக்கீடு 22 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்கு மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அந்த வயதில் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்பதால் பெட்டகம் தாயின் கைக்குப் போனது. நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு முதலியவை அதில் இருந்தன.

வாரணவாசியை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது அங்குள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தால்தான். கிரிட்டேசியக் காலத்துக் கடலின் சிப்பிகளும் கிளிஞ்சல்களும் அங்கே அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. அதே கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பி அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன. தெற்கே திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரையோரம் நெல் விளைகிறது. வீட்டுக்கு வீடு குடும்ப அட்டை இருக்கிறது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஆறு மாதக் குழந்தையின் எடை ஏன் குறைகிறது? இந்தக் கேள்விக்கு நெல் கொள்முதல் நிலையத்திலோ ரேஷன் கடையிலோ விடை கிடைக்காது. தாய் என்ன சாப்பிட்டாள், எத்தனை வயதில் கருவுற்றாள், அவளது இரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருந்தது என்பனவற்றில்தான் பதில் இருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு குறித்த இந்திய ஆய்வுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து 2001இல் வெளியிட்ட கிராமப்புற இந்தியாவின் உணவுப் பாதுகாப்பின்மை வரைபடத் தொகுப்புக்குத் தனி இடம் உண்டு. உணவு விளைந்திருக்கிறதா, அதை வாங்க வழியிருக்கிறதா, உண்டது உடலில் சேர்கிறதா என்று மூன்று அடுக்காக அது பிரச்சினையைப் பார்த்தது. தமிழ்நாடு முதல் இரண்டு அடுக்குகளிலும் பெரும்பாலும் தேறிவிட்டது. சிக்கல் மூன்றாவதில். அந்த மூன்றாவது அடுக்கைத்தான் நம் ஆய்வுகள் மிகக் குறைவாக அளக்கின்றன என்பது என் கருத்து. மூட்டைகளை எண்ணுகிறோம், பயனாளிகளை எண்ணுகிறோம். தட்டில் விழுந்தது என்ன, அதில் வயிற்றுக்குப் போனது எவ்வளவு என்பதை எண்ணுவதில்லை. அதைச் சோதித்துப் பார்க்கப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

முதலில் எண்களைப் பார்க்கலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர்; 14.6 விழுக்காட்டினருக்கு உயரத்துக்கேற்ற எடையில்லை. நான்காவது ஆய்வில் இவை முறையே 27.1, 19.7 ஆக இருந்தன. முன்னேற்றம்தான். ஆனால் இரத்தசோகை உள்ள குழந்தைகளின் பங்கு 50.7இலிருந்து 57.4 விழுக்காடாகக் கூடியிருக்கிறது. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு உடற்பருமன் அல்லது மிகை எடை. இந்த இரண்டு எண்களையும் கூட்டினால் தொண்ணூறைத் தாண்டுகிறது. ஆகவே எடை மிகுந்தவர்களிலும் இரத்தசோகை உள்ளவர்கள் கணிசமாக இருப்பார்கள் என்று ஊகிக்கலாம். பசி தீர்ந்து சத்து சேராத உடம்பு என்பது இதுதான்.

மாவட்ட அளவுக்கு இறங்கும்போது கவனம் தேவை. அந்த ஆய்வில் தமிழ்நாட்டில் பேட்டி காணப்பட்ட குடும்பங்கள் 27,929. அன்றைய 32 மாவட்டங்களுக்கும் பகிர்ந்தால் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 870 வீடுகள். அத்தனை வீடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சில நூறு பேரைத் தாண்ட மாட்டார்கள். சில நூறு பேரை வைத்துக்கொண்டு 'பெரம்பலூரில் இரண்டு விழுக்காடு குறைந்தது, அரியலூரில் மூன்று கூடியது' என்று மேடையில் பேசலாம். ஆய்வில் பேச முடியாது. போதாக்குறைக்கு, களப்பணி 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தால் நின்று டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. முடக்கத்துக்கு முன் அளந்த வீடும் பின் அளந்த வீடும் ஒரே அட்டவணையில் உட்கார்ந்திருக்கின்றன.

இரத்தசோகைக் கணக்கிலும் வழக்கு இருக்கிறது. குடும்பநல ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கிறது. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய முழுமையான ஊட்டச்சத்து ஆய்வு நரம்பிலிருந்து இரத்தம் எடுத்தது. அதில் ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள இந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினருக்கே இரத்தசோகை இருந்தது. சற்று முந்தைய குடும்பநல ஆய்வு 58.6 என்றது. வயது வரம்பு சிறிது வேறுபட்டாலும் இவ்வளவு இடைவெளிக்கு அது மட்டும் காரணமாகாது. ஆறாவது குடும்பநல ஆய்வில் இரத்தசோகைப் பரிசோதனையே விடப்பட்டது. அதற்கென ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தனி ஆய்வை எடுத்துக்கொண்டது. அளவுகோலை மாற்றுவது தவறில்லை. ஆனால் பழைய கோலும் புதிய கோலும் ஒட்டாத காலத்தில், செறிவூட்டப்பட்ட அரிசியால் இரத்தசோகை குறைந்ததா இல்லையா என்று யார் சொல்வது?

நிலத்துக்கு வருவோம். பெரம்பலூர் வானம் பார்த்த பூமி. கரிசலும் செம்மண்ணும் கலந்த இந்த மேட்டு நிலத்தில் முன்பு கம்பும் வரகும் சோளமும் துவரையும் ஊடுபயிராகவும் தனிப்பயிராகவும் நின்றன. விளைந்ததைத் தின்றார்கள், மிஞ்சியதை விற்றார்கள். இன்று மாநிலத்தில் மக்காச்சோளத்திலும் சின்ன வெங்காயத்திலும் முன்னணியில் இருக்கும் மாவட்டம் இது. பருத்தியும் உண்டு. அரியலூரின் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளில் முந்திரி. இவற்றில் சமையலறைக்கு நேராகப் போவது சின்ன வெங்காயம் ஒன்றுதான், அதுவும் தாளிக்க. பருத்தி ஆலைக்கு, முந்திரி பண்ருட்டிக்கு, மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு.

இதைக் குறையாகச் சொல்லிவிட்டுச் சிறுதானியப் புகழ் பாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. வரகைக் குத்தி உமி நீக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்பதை அந்தப் புகழ்பாடிகள் எழுதுவதில்லை. ஏழடுக்குத் தோல் கொண்ட அந்தத் தானியத்தை உரலில் இட்டு மணிக்கணக்காகக் குத்திய பெண்களுக்கு ரேஷன் அரிசி விடுதலையாகவே வந்தது. மக்காச்சோளத்துக்கு உழவர்கள் மாறியதற்கும் காரணம் உண்டு: ஆள்கூலி குறைவு, கையில் காசு, தேடி வரும் வியாபாரி. 2018இல் படைப்புழு வந்து அந்தக் கணக்கையும் குலைத்தது. அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்ட புழு, சில மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் வயல்களின் குருத்தைத் தின்றுகொண்டிருந்தது.

மக்காச்சோளம் நாமக்கல் போவதோடு கதை முடியவில்லை. முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் முட்டையிடும். ஆக, முட்டை ஒன்றுக்கு 130 கிராம் அளவுக்குத் தீவனம். அதில் பாதி மக்காச்சோளம் என்று வைத்துக்கொண்டால் 65 கிராம். ஒரு குவிண்டால் மக்காச்சோளத்தில் சுமார் 1,500 முட்டைகள். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைந்த, பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை வயல் ஒன்று, சோயாப் புண்ணாக்கின் துணையோடு, முப்பத்தேழாயிரம் முட்டைகளுக்குப் பக்கமாகத் தருகிறது. அந்த முட்டைகளில் ஒரு பகுதி சத்துணவு ஒப்பந்த லாரியில் ஏறித் திரும்ப வேப்பந்தட்டைப் பள்ளிக்கே வருகிறது. தமிழ்நாட்டில் சத்துணவில் முட்டை நுழைந்தது 1989இல், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, அடுத்த ஆண்டு மூன்று, 2010இல் ஐந்து. கம்பையும் துவரையையும் இழந்த நிலம், முட்டை வழியாகப் புரதத்தைத் திருப்பித் தருகிறது. நடுவில் ஒரு கோழியும், ஒரு ஒப்பந்தக்காரரும், ஒரு அரசாணையும் நிற்க வேண்டியிருக்கிறது; அவ்வளவுதான் வேறுபாடு. அந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் குழந்தையின் தட்டுதான் முதலில் காலியாகும். எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தைக் கேட்கத் தொடங்கிய பிறகு தீவன விலை ஏறியதையும், நாமக்கல் பண்ணையாளர்கள் முணுமுணுத்ததையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்.

ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. அதுவும் உயர்தரப் புரதம். ஆனால் இரும்புச்சத்துக்கு முட்டையை நம்ப முடியாது. மஞ்சள் கருவில் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே வாராவாரம் முட்டை தின்ற குழந்தை உயரமாக வளர்ந்தாலும் வெளிறிப்போயிருக்கலாம். உயரம் குன்றிய குழந்தைகள் குறைந்ததும் இரத்தசோகை கூடியதும் ஒரே ஆய்வில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இந்த இரு மாவட்டங்களும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தவை. அவ்வாண்டு பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே இணைந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. எம்.ஜி.ஆர் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது அதே பழைய திருச்சி மாவட்டத்தின் பாப்பாகுறிச்சியில். சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் 1920இல் நீதிக்கட்சியினர் தொடங்கியதும், 1956இல் காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதும் அதற்கு முந்தைய படிகள். 1982இல் ஐந்து முதல் ஒன்பது வயதுவரை இருந்த சிறுமிகள் இன்று ஐம்பதை ஒட்டியவர்கள், பலர் பாட்டிகள். வாரணவாசி வயதுக் குழந்தைகள் அவர்களுடைய மூன்றாம் தலைமுறை.

இதைச் சும்மா சொல்லவில்லை. சுமன் சக்ரவர்த்தி, பூர்ணிமா மேனன் உள்ளிட்டோர் 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, பள்ளி மதிய உணவின் பலனை அடுத்த தலைமுறையில் தேடியது. சிறுவயதில் முழுமையாக மதிய உணவு எட்டிய பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளின் வயதுக்கேற்ற உயரம், எட்டாதவர்களின் குழந்தைகளை விட 0.4 திட்ட விலக்க அளவு கூடுதலாக இருந்தது. ஊட்டச்சத்து ஆய்வில் இது சாதாரண எண் இல்லை. மதிய உணவால் அந்தப் பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள், தாமதமாக மணந்தார்கள், குறைவாகப் பெற்றார்கள், மருத்துவமனையில் பெற்றார்கள். சோறு உடம்பில் மட்டும் வேலை செய்யவில்லை.

1982இல் பொருளியல் அறிந்தவர்கள் பலர் இத்திட்டத்தைக் கேலி செய்தார்கள். அவர்கள் கையில் ஒரு நல்ல வாதமும் இருந்தது. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியிருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுப்பது, தேறியதும் நிறுத்திவிடுவது. கடும் ஊட்டக்குறைவு வெகுவாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. செலவும் குறைவு. எல்லோருக்கும் எதற்குச் சோறு, தேவைப்பட்டவருக்குக் கொடுத்தால் போதாதா?

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பிப் பார்த்தால் இரு தரப்பும் பாதி சரி. எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை சிறு குழந்தைகளைப் பிடித்தது. பள்ளிச் சோறு அவர்களை எட்டவேயில்லை. பள்ளிச் சோறோ, யாரையும் 'ஏழை வீட்டுப் பிள்ளை' என்று தனியே நிறுத்தாமல், ஒரே பந்தியில் அமரவைத்து, அரசியலில் எவரும் கைவைக்க முடியாத உரிமையாக வளர்ந்தது. எடைத் திட்டத்தின் பெயர் இன்று ஆவணக் காப்பகத்தில்; சத்துணவின் பெயர் எல்லோர் வாயிலும். வாரணவாசியில் தொடங்கியது கொட்டாம்பட்டியின் வழி. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பாப்பாகுறிச்சியின் வழி. இரண்டும் ஒரே அரசின் கையில் சேர்ந்தது நல்லதே.

காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில், 1.14 லட்சம் பிள்ளைகளுக்கு. 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலையில் ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. மாநிலத் திட்டக்குழு முதற்கட்டப் பள்ளிகளை ஆராய்ந்தபோது 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியிருந்தது. வருகை அதிகம் உயர்ந்த மாவட்டங்களின் வரிசையில் திருப்பத்தூரோடு பெரம்பலூரும் அரியலூரும் முன்னால் நின்றன.

ஏன் இந்த இரண்டும்? வருகை ஏற்கெனவே நிறைந்திருந்த இடத்தில் ஏற இடமில்லை. குறைவாக இருந்த இடத்தில்தான் பாய்ச்சல் தெரியும். விடியும்முன் வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்கவோ பருத்தி எடுக்கவோ புறப்படும் தாய், பிள்ளைக்குப் பழைய சோற்றையோ கடை பிஸ்கட்டையோ விட்டுச் செல்லும் பகுதி இது. அங்கே எட்டரை மணிக்குச் சுடச்சுடப் பொங்கலும் சாம்பாரும் கிடைத்தால் பிள்ளை பள்ளிக்கு வரத்தானே செய்யும். இது என் விளக்கம். திட்டக்குழுவின் எண்கள் இதை நிரூபிப்பதில்லை. திட்டத்துக்கு முந்தைய மாதங்களையும் பிந்தைய மாதங்களையும் ஒப்பிட்ட கணக்கு அது. கொரோனாவுக்குப் பின் பள்ளிகள் மெல்லத் தேறிவந்த காலம் வேறு. திட்டம் வராத பள்ளிகளை அதே மாதங்களில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் உறுதியாகப் பேசலாம். எல்லாப் பள்ளிகளுக்கும் விரித்துவிட்ட பிறகு அந்த வாய்ப்பு போய்விட்டது.

'ஊட்டச்சத்தை உறுதி செய்' முதற்கட்டத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 77.3 விழுக்காட்டுக் குழந்தைகள் இயல்புநிலைக்குத் திரும்பினர் என்கிறது அரசுக் கணக்கு. மகிழ்ச்சியான எண். ஆனால் மிக மெலிந்த நாளில் அளந்து பட்டியலில் சேர்த்த குழந்தையைச் சில வாரம் கழித்து மறுபடி அளந்தால், எதுவும் கொடுக்காவிட்டாலும் ஒரு பகுதியினர் சற்றுத் தேறியிருப்பார்கள். வயிற்றுப்போக்கு நின்றிருக்கும், காய்ச்சல் விட்டிருக்கும். முதல் அளவே பிசகியும் இருக்கலாம். அளவைப் பலகையில் துள்ளும் குழந்தையின் நீளத்தை அங்கன்வாடி ஆசிரியை ஒருவர் தனியாக அளப்பது எளிய வேலையில்லை. ஒரு சென்டிமீட்டர் மாறினால் 'கடும்' என்பது 'மிதமான' ஆகிவிடும். தேறிய குழந்தை ஆறு மாதம், ஓராண்டு கழித்தும் தேறியே இருந்ததா என்பதே உண்மையான கேள்வி.

இனி சமையல் கூடத்துக்குள் நுழையலாம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் வாசலோடு திரும்பிவிடும் இடம் அது. காலை உணவு விதிப்படி ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உடன் காய்கறி. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். தம் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது தேர்வு விதிகளில் ஒன்று. நிர்வாக விதிகளில் இவ்வளவு புத்திசாலித்தனமான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. தன் பிள்ளையும் தின்னப்போகிற சாம்பாரில் யார் தண்ணீரைக் கூட்டுவார்கள்?

மதியச் சத்துணவுக்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பணியிடங்கள். 1982இல் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்து நியமித்தார்கள். அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது. காலியான இடங்கள் உடனுக்குடன் நிரப்பப்படாததால் ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பது மாநிலம் முழுக்கக் காணும் நிலை. தரம் சரிவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, ஆள் பற்றாமையால். பருப்பு வேகக் காத்திருக்க நேரமில்லாதபோது சாம்பார் நீர்க்கிறது. கீரை ஆய ஆளில்லாதபோது பட்டியலில் கீரை இருக்கிறது, சட்டியில் இல்லை. இரும்புச்சத்தின் பாதிக் கதை இந்தக் கீரையில் இருக்கிறது. கூடவே ஒரு எலுமிச்சைத் துண்டு இருந்தால் அந்த இரும்பு உடலில் கூடுதலாகச் சேரும். அதற்குப் பட்டியலில் இடமில்லை.

கூடத்தின் பாதுகாப்பு என்றதும் ஜூலை 16 என்ற நாள் நினைவுக்கு வருகிறது. 2004இல் அந்த நாளில்தான், கொள்ளிடத்துக்கு அக்கரையில், கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்துத் தீ கீற்றுக்கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். 2013இல் அதே நாளில் பீகாரின் சரன் மாவட்டத்தில் பூச்சிக்கொல்லி கலந்த மதிய உணவைத் தின்று 23 குழந்தைகள் இறந்தனர். முதலாவது கூரையை மாற்றியது. இரண்டாவது, பரிமாறும் முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்ற விதியை நாடெங்கும் அழுத்தமாகக் கொண்டுவந்தது. இரண்டுமே உயிரைக் காக்கும் விதிகள். சத்தைக் காக்கும் விதி ஒன்றும் இப்படி ஒரு நாளில் பிறக்கவில்லை. ஊட்டக்குறைவால் சாகும் குழந்தைக்குத் தேதி கிடையாது. காய்ச்சல் என்றோ நிமோனியா என்றோ பதிவாகும்.

செறிவூட்டப்பட்ட அரிசி இன்னொரு பாடம். தமிழ்நாட்டில் அதன் முன்னோட்டம் 2020இல் திருச்சி மாவட்ட ரேஷன் கடைகளில் நடந்தது. பின்னர் மாநிலம் முழுக்க வந்தது. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவிலேயே அச்சிட்ட மணியை நூற்றுக்கு ஒன்றாகச் சாதாரண அரிசியில் கலந்தார்கள். களையும்போது அந்த மணி நிறம் வேறாகத் தெரியும். சில சமயம் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிந்தவர்கள் பலர். கோடிகள் செலவழித்து ஆலையில் சேர்த்த இரும்பு முறத்தின் வழியாகக் கோழிக்குப் போனது. இதைத் தடுக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ரேஷன் கடை விற்பனையாளர் வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிள்ளைகளின் தட்டையாவது யாரோ கண்காணிக்கிறார்கள். வளர்ந்தவர்களின் தட்டு யார் பொறுப்பு? பெரம்பலூர் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடாலூர் தொடங்கி மாவட்டம் நெடுக மெஸ்ஸும் பரோட்டாக் கடையும் பேருந்து நிற்கும் மோட்டலும் உண்டு. உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் 2006இல் வந்து 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. காய்ச்சிக் காய்ச்சிக் கறுத்த எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2022 முதல் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் ஊடுகொழுப்பு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. செய்தித்தாளில் வடை மடிக்கக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள்தான். அதிகாரி மாதிரி எடுத்தால் ஆய்வகம் சொல்வது மூன்றில் ஒன்று: பாதுகாப்பற்றது, தரம் குறைந்தது, தவறான முத்திரையிட்டது. ஒரு முழுச் சாப்பாட்டில் முக்கால் பங்கு வெறும் சோறு என்பது இந்த மூன்றிலும் வராது. நாளின் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 வழிகாட்டுநெறி. நம் அளவுச் சாப்பாடு அதைக் கேட்டால் சிரிக்கும். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளிவந்த 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு சொன்னதை இதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

வாரணவாசித் திட்டம் தொடங்கிய அதே நாளில் ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனமொன்றின் காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சொல்லப்பட்ட வேலைவாய்ப்பு 15,000. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2023இலேயே காலணி உற்பத்தி தொடங்கிவிட்டது. இந்த ஆலைகளில் பெரும்பான்மை இளம்பெண்கள். நாளைய தாய்மார்களில் கணிசமானவர்கள் ஒரு வேளையோ இரு வேளையோ ஆலைக் கேண்டீனில் சாப்பிடப்போகிறார்கள். பள்ளிச் சத்துணவை விட்டு வெளியேறிய பெண்ணின் உடம்பு, முதல் கருவுக்கு முன் கடைசியாகப் பொது அடுப்பில் சாப்பிடும் இடம் அது. ஊட்டச்சத்து ஆய்வுகளில் இந்தக் கேண்டீனைப் பற்றிப் பேச்சே இல்லை.

சட்டத்தில் இடமிருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் கட்டாயம் என்றது; என்ன உணவு, என்ன விலை, தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட நிர்வாகக் குழு எப்படி அமைய வேண்டும் என்பவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 250 என்ற வரம்பை நூறாகக் குறைத்திருக்கிறது. ஆகவே எறையூரிலோ ஜெயங்கொண்டத்திலோ ஒரு தட்டுக்கு இத்தனை கிராம் பருப்பு, வாரத்துக்கு இத்தனை முட்டை, நாளுக்கு ஒரு கீரை என்று எழுதிவைப்பதற்குப் புதுத் திட்டமோ புது நிதியோ வேண்டியதில்லை. வேலைக்குச் சேரும் நாளில் எப்படியும் மருத்துவச் சோதனை உண்டு. ஹீமோகுளோபினை அன்றும், ஓராண்டு கழித்து மறுபடியும், நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் பார்க்கலாம். கேண்டீனில் உணவை மாற்றிய ஆலை ஒன்று, மாற்றாத ஆலை ஒன்று என இரண்டு கிடைத்தால் திட்டக்குழுவுக்குக் கிடைக்காத ஒப்பீடும் கிடைத்துவிடும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசு கலைக்கல்லூரிகள் இருக்கின்றன, அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. முதல் வேலையாக, நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் சாப்பாட்டைப் பற்றி இதுவரை என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் படிக்கலாம்.